திருவனந்தபுரம் செம்மண்: ஊரில் கைகொடுத்த உரம் இங்கே ஏன் வேலை செய்வதில்லை?

கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை. வாடகை வீடு, மேலே மொட்டை மாடி. ஒரு வார இறுதியில் பத்து குரோ பேக் வாங்கி தக்காளி, கத்தரி, மிளகாய் வைக்கிறீர்கள். மண்ணுக்குப் பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து கொஞ்சம் செம்மண். பக்குவம் கோவில்பட்டியிலிருந்து அம்மா போனில் சொன்னது. உரம் யூடியூபில் பார்த்தது.

நாற்று நன்றாகத்தான் கிளம்புகிறது. பூ வைக்கிற நேரத்தில், ஒருநாள் மதியம் ஒரு செடி தலை தொங்குகிறது. இலை மஞ்சளாகவில்லை, பூச்சியும் இல்லை. பச்சையாக இருக்கும்போதே வாடி, இரண்டு மூன்று நாளில் சாய்ந்துவிடுகிறது. அடுத்த வாரம் பக்கத்துப் பை.

'தண்ணி பத்தல போல' என்று கூடுதலாக ஊற்றினாலும் பலனில்லை. 'உரம் பத்தல போல' என்று இன்னொரு பாக்கெட் வாங்கினாலும் பலனில்லை. இத்தனைக்கும் கீழே காம்பவுண்டு சுவர் ஓரத்தில், யாரும் ஏறெடுத்துப் பார்க்காத தெச்சி (நம்ம ஊர் இட்லிப்பூ) கொத்துக்கொத்தாகப் பூத்துக்கொண்டிருக்கிறது. அதே இட்லிப்பூவைக் கரிசல் மண்ணில் வைத்தால் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும்.

உங்கள் கையில் கோளாறு இல்லை. மண் மாறிவிட்டது, பக்குவம் மாறவில்லை. திருவனந்தபுரத்து மண் எப்படிப்பட்டது, அதில் செடி வளர்க்க அல்லது நிலம் வாங்க நினைப்பவர்கள் முதலில் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

இந்த மண் ஏன் இவ்வளவு சிவப்பு?

காரணம் மழையும் வெப்பமும். லட்சக்கணக்கான ஆண்டுகள் பாறை மீது வெயிலும் மழையும் மாறி மாறி விழும்போது, தண்ணீரில் கரையக்கூடியவை எல்லாம் கீழே இறங்கிப் போய்விடுகின்றன. கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், சிலிக்கா எல்லாம் அப்படிப் போனவைதான். எளிதில் கரையாத இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் மட்டும் தங்கிவிடுகின்றன. ஆணி துருப்பிடித்தால் வரும் அதே நிறம்தான் இது.

இப்படி உருவானதைத்தான் பள்ளிப் புத்தகத்தில் 'சரளை மண்' என்று படித்தோம். ஆங்கிலத்தில் லேட்டரைட். அந்தப் பெயர் கேரளத்தில் பிறந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன், திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு 1800-01இல் மைசூர், கன்னடப் பகுதி, மலபார் வழியாகப் பயணம் செய்தார். இன்றைய மலப்புரம் மாவட்டத்திலுள்ள அங்காடிப்புரத்தில், மக்கள் மண்ணையே செங்கல் அளவில் வெட்டி எடுத்து, காய வைத்து, வீடு கட்டுவதைப் பார்த்தார். உள்ளூரில் அதை 'இட்டிகைக் கல்' என்ற பொருளில் அழைத்தார்கள். லத்தீனில் செங்கல்லுக்கு 'லேட்டர்'. 1807இல் வெளியான தன் நூலில் அவர் லேட்டரைட் என்று பெயர் வைத்தார். மலையாளத்தில் இன்றும் அது வெட்டுக்கல்.

இந்தக் கல்லின் குணம் தோட்டக்காரர்களுக்கும் முக்கியம். மூடிக் கிடக்கும்போது மிருதுவாக இருக்கும். மேல்மண் போய் வெயில் பட்டுக் காய்ந்தால் இறுகிவிடும். பிறகு தண்ணீர் ஊற்றினாலும் பழைய மிருதுத்தன்மை வராது.

மண் அடுக்கடுக்காக எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்க்க ஆசையா? அடுத்த முறை வர்க்கலா போகும்போது கடலை மட்டும் பார்க்காமல் திரும்பி நின்று குன்றையும் பாருங்கள். மேலே செந்நிறச் சரளை, கீழே மணற்கல், களிமண் அடுக்குகள். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் அதைத் தேசியப் புவியியல் நினைவிடமாக அறிவித்திருக்கிறது.

பி.எச். 5-க்கும் 8-க்கும் மூன்றுதானே வித்தியாசம்?

இல்லை, ஆயிரம் மடங்கு.

மண் அமிலமா, காரமா என்று சொல்லும் அளவுதான் பி.எச். 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு மாற்றத்தைக் குறிக்கிறது. அதனால் பி.எச். 5 உள்ள மண், பி.எச். 8 உள்ள மண்ணைவிட ஆயிரம் மடங்கு அமிலத்தன்மை கொண்டது.

திருவனந்தபுரம் நகரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மி.மீ. மழை பெய்கிறது. ஜூனில் இடவப்பாதி, அக்டோபர்-நவம்பரில் துலாவர்ஷம் என்று இரண்டு பருவம். கோவில்பட்டிப் பக்கம் அதில் பாதிகூட வராது. அங்கே மழை குறைவு என்பதால் சுண்ணாம்பு மண்ணிலேயே தங்கியிருக்கிறது. கரிசலைத் தோண்டினால் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகளே கிடைக்கும். இங்கே சுண்ணாம்புச் சத்து கழுவிப்போய்விட்டது. அதனால் அங்கே பி.எச். பெரும்பாலும் 8-ஐ ஒட்டி இருக்கும். இங்கே செம்மண்ணிலும் சரளையிலும் பெரும்பாலும் 4.5 முதல் 6 வரை.

வீட்டிலேயே ஒரு சின்ன சோதனை செய்யலாம். ஊரிலிருந்து வரும்போது ஒரு பிடி கரிசல் மண் கொண்டுவாருங்கள். அதன்மேல் கொஞ்சம் வினிகர் விட்டால் சுண்ணாம்பு இருக்கிற இடத்தில் நுரைக்கும். திருவனந்தபுரம் செம்மண்ணில் விட்டால் சும்மா ஊறிப்போகும்.

பி.எச். 5.5-க்குக் கீழே போனால் என்ன ஆகும்? மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேரைத் தாக்கும். வேர் குட்டையாகித் தடிக்கும். பாஸ்பரஸ் எனும் மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்ளும். பையில் உரம் இருக்கும், செடிக்குக் கிடைக்காது. கால்சியம், மெக்னீசியம் பற்றாக்குறையும் கூடவே வரும்.

ஊரில் மருந்து, இங்கே வீண்

இதனால்தான் தமிழ்நாட்டு ஆலோசனைகளை அப்படியே இங்கே கொண்டுவந்தால் காசும் செடியும் போகின்றன. சில உதாரணங்கள்:

ஜிப்சம்: உவர், களர் நிலங்களில் சோடியத்தை வெளியேற்ற ஜிப்சம் போடுவது சரியான வைத்தியம். ஆனால் அது அமிலத்தைக் குறைக்காது. 'அதிலும் கால்சியம் இருக்கே' என்று சுண்ணாம்புக்குப் பதிலாகப் போட்டால், கால்சியமும் கந்தகமும் கிடைக்கும், பி.எச். ஏறாது.

அன்னபேதி (இரும்பு சல்பேட்): சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் இளம் இலைகள் வெளுத்தால் இதைத் தெளிப்பார்கள். இங்கே மண்ணே இரும்புதான். தண்ணீர் தேங்கும் வயல்களில் இரும்பு அதிகமாகி நெல் பாதிக்கப்படுவதுதான் இங்குள்ள பிரச்சினை. திருவனந்தபுரத்தில் இலை மஞ்சளானால் முதலில் எந்த இலை என்று பாருங்கள். அடியிலுள்ள முதிர்ந்த இலைகளில் நரம்புக்கு நடுவே மஞ்சள் என்றால் மெக்னீசியக் குறையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ராக் பாஸ்பேட்: இது தலைகீழ் கதை. கார மண்ணில் கரையாமல் கிடக்கும் இந்தப் பாறைத் தூள், அமில மண்ணில் மெல்லக் கரைந்து சத்து கொடுக்கும். ஊரில் வீண், இங்கே மருந்து.

அடுப்புச் சாம்பல்: இங்கே இரட்டை லாபம். சாம்பல் சத்தும் கிடைக்கும், அமிலமும் கொஞ்சம் குறையும். ஏற்கெனவே காரமான மண்ணில் தாராளமாகப் போடக் கூடாது.

இதற்காகத் 'தமிழ்நாடு என்றால் காரம், கேரளம் என்றால் அமிலம்' என்று கோடு போட்டுவிடவும் வேண்டாம். நீலகிரி மண்ணும் அமிலம்தான். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ரப்பர் வளர்வதற்கும் அந்த மண்ணும் மழையும் காரணம். மறுபுறம், பாலக்காடு மாவட்டம் சிற்றூரில் கரிசல் மண் இருக்கிறது. எல்லைக்கோடு 1956இல் போட்டது. மண் அதற்கு ரொம்பக் காலம் முன்பே உருவாகிவிட்டது.

மாவட்டம் முழுக்க ஒரே மண்ணா?

இல்லை. திருவனந்தபுரம் கடற்கரையிலிருந்து பொன்முடிவரை சுமார் 60 கி.மீ. அந்தத் தூரத்துக்குள் மண் பல தடவை மாறுகிறது.

கடலோரம்: பூவார், கோவளம், சங்குமுகம், அஞ்சுதெங்கு. மணல் கலந்த மண். ஊற்றிய தண்ணீர் நிற்காது, போட்ட உரமும் நிற்காது. தென்னை தாங்கும். காய்கறி என்றால் மட்கு உரமும் மூடாக்கும் அவசியம். தென்னம்பாத்தியில் தேங்காய் மட்டைகளைப் புதைப்பது ஈரம் காக்க இங்குள்ள வழக்கம்.

மாவட்டத்தின் தெற்கு: வெள்ளாயணி, நெய்யாற்றின்கரைப் பக்கம் ஆழமான செம்மண். கையில் பிடித்தால் பொலபொலவென்று உதிரும், வேர் சுலபமாக இறங்கும். ஆனால் மட்குச் சத்தும் ஊட்டச்சத்தும் குறைவு. கேரளத்தில் இந்த வகை மண் அதிகம் காணப்படுவதே திருவனந்தபுரத்தின் தென்பகுதியில்தான்.

மேட்டு நிலங்கள்: ஆற்றிங்கல், நெடுமங்காடு சுற்றுவட்டாரம். சரளை மண். கைக்குக் கரடுமுரடாக இருக்கும், உருண்டைக் கற்கள் தட்டுப்படும். சில இடங்களில் இதற்கு அடியில் வெள்ளைக் களிமண். தோன்னைக்கல் பகுதியில் அதை வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

ஏலா: இரண்டு மேடுகளுக்கு நடுவிலுள்ள வயல்வெளி. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. மேட்டிலிருந்து கழுவி வந்த மண் இங்கே சேரும். ஈரமும் சத்தும் உண்டு, வடிகால்தான் சிக்கல். நெல், வாழை.

மலைப்பகுதி: பாலோடு தாண்டி பொன்முடி, அகஸ்தியர்கூடம் பக்கம். இலை மட்கிய கருமையான காட்டு மண். மரத்தை எடுத்துவிட்டால் ஒரு சில மழைக்காலத்திலேயே மேல்மண் கரைந்துவிடும்.

சரிவில் உள்ள வீடு என்றால், உங்கள் ஒரே காம்பவுண்டுக்குள்ளேயே மேலே ஒரு மண், கீழே ஒரு மண் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன அளவு உங்களுக்கும் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

இந்த வேறுபாட்டை ஒரே கூரைக்குக் கீழே பார்க்க நகருக்குள்ளேயே ஓர் இடம் உண்டு. நாலாஞ்சிறா அருகே பாரோட்டுகோணத்தில் கேரள மண் ஆய்வு, மண் பாதுகாப்புத் துறை நடத்தும் மண் அருங்காட்சியகம். 2014இல் திறக்கப்பட்டது. கேரளத்தின் 82 மண் வகைகளை, தரையிலிருந்து ஆழம்வரை அப்படியே நெடுக வெட்டியெடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை போகலாம் என்றால் வேலை நாளா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்போ, அந்தத் தக்காளி ஏன் சாய்ந்தது?

பச்சையாக இருக்கும்போதே வாடுவது பெரும்பாலும் பாக்டீரியா வாடல் நோய். மண்ணில் வாழும் ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா வேர் வழியாக நுழைந்து, தண்ணீர் போகும் குழாய்களை அடைத்துவிடுகிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த அமில மண் இதற்குக் கொண்டாட்டம்.

உறுதிசெய்ய ஒரு வழி: வாடிய செடியின் அடித்தண்டைக் குறுக்கே வெட்டி, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டுமுனை முங்கும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற வெள்ளை இழை இறங்கினால் இதே நோய்தான். அந்தச் செடிக்கு மருந்து இல்லை. வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். அந்தப் பை மண்ணில் மறுபடி தக்காளி, கத்தரி, மிளகாய் வைக்காதீர்கள். மூன்றும் ஒரே குடும்பம். வெண்டை, பயறு, கீரை வைக்கலாம்.

அடுத்த முறை ரகத்தைப் பார்த்து வாங்குங்கள். இந்தப் பிரச்சினைக்காகவே கேரள வேளாண் பல்கலைக்கழகம் வாடலைத் தாங்கும் ரகங்களை வெளியிட்டிருக்கிறது. தக்காளியில் சக்தி, முக்தி, அனகா. கத்தரியில் சூர்யா, சுவேதா, ஹரிதா. மிளகாயில் உஜ்வலா, அனுக்ரகா. சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டுக்கட்டிய தக்காளி, கத்தரி நாற்றும் ஒரு நல்ல வழி; சுண்டை வேர் இந்த நோயைத் தாங்கும்.

லோடு செம்மண்ணை நம்பலாமா?

வீடு கட்டும் இடத்திலிருந்தோ லாரியிலோ வரும் செம்மண் பெரும்பாலும் குன்றை வெட்டி எடுத்த அடிமண். பார்க்க அழகு. ஆனால் செடிக்குச் சோறு போடுவது மேலே உள்ள ஒரு சாண் மண்; அது இதில் இருக்காது. மட்குச் சத்தும் நுண்ணுயிரும் மிகக் குறைவு, அமிலம் அப்படியே இருக்கும்.

அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. குரோ பேக்குக்கு இங்கே பரவலாகச் சொல்லப்படும் கலவை: மண், மணல், நன்கு மட்கிய சாணம் மூன்றும் சம அளவு. மணலுக்குப் பதில் தென்னை நார்க்கழிவு சேர்ப்பதானால், கழுவியது அல்லது மட்கியது என்று பார்த்து வாங்குங்கள். மொட்டை மாடிக்கு எடையும் குறையும்.

வரிசை முக்கியம். முதலில் மண்ணில் சுண்ணாம்பைக் கலந்து, லேசாக ஈரப்படுத்தி, பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் விடுங்கள். அதன்பிறகுதான் சாணமும் வேப்பம்பிண்ணாக்கும். சுண்ணாம்பையும் சாணத்தையும் அல்லது யூரியாவையும் ஒரே நாளில் கலந்தால் தழைச்சத்து அமோனியாவாகிக் காற்றில் போய்விடும். மூக்கில் ஏறும் அந்த வாடை உங்கள் காசின் வாடை.

கடையில் போய் நிற்கும்போது இந்தச் சின்ன அகராதி உதவும்:

கும்மாயம் - சுண்ணாம்பு.
நீற்றுகக்கா - நீற்றிய கிளிஞ்சல் சுண்ணாம்பு. இங்கே தோட்டத்துக்கு அதிகம் வாங்கப்படுவது.
சகிரிச்சோறு - சாப்பிடுகிற சோறு இல்லை. தென்னை நார்க்கழிவு.
எல்லுபொடி - இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் எள்ளுப்பொடி இல்லை. மலையாளத்தில் எல்லு என்றால் எலும்பு. இது எலும்புத்தூள் உரம்.
சாணகப்பொடி - காய்ந்த சாணத்தூள்.

சுண்ணாம்பு எவ்வளவு? எப்போது?

'ஒரு கைப்பிடி' என்பது அளவு அல்ல. பி.எச். தெரியாமல் சுண்ணாம்பு போடுவது, ரத்தப் பரிசோதனை செய்யாமல் மாத்திரை போடுவது மாதிரி. அதிகமானால் துத்தநாகம், போரான், இரும்பு போன்ற நுண்சத்துகள் செடிக்குக் கிடைக்காமல் போகும். ஒரு பிரச்சினையைத் தீர்க்கப் போய் இன்னொன்றை வாங்கிக்கொள்வீர்கள்.

ஒரு கணக்குக்காக: கேரளத்தில் நெல்வயலுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு ஹெக்டேருக்கு 600 கிலோ. அதையும் ஒரேயடியாகப் போடுவதில்லை. முதல் உழவில் 350, ஒரு மாதம் கழித்து 250. சென்ட் கணக்கில் சொன்னால் மொத்தமே இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பத்து குரோ பேக்குக்கு ஐந்து கிலோ பாக்கெட்டைக் கொட்டுவது எவ்வளவு அதிகம் என்று இதிலிருந்தே தெரியும்.

மெக்னீசியமும் குறைவு என்று பரிசோதனை சொன்னால் வெறும் சுண்ணாம்பைவிட டோலமைட் நல்லது. அதில் கால்சியம், மெக்னீசியம் இரண்டும் உண்டு. 2010க்குப் பிறகு கேரளத் திட்டக் குழு முன்னின்று மாநிலம் முழுக்க மண் மாதிரிகளைப் பரிசோதித்தபோது வெளிவந்த படமும் இதுதான்: அமிலம் பரவலாக அதிகம்; கால்சியம், மெக்னீசியம், போரான் பல இடங்களில் குறைவு; ஆனால் பாஸ்பரஸ் நிறைய நிலங்களில் தேவைக்கு மேல். ஆண்டுக்கணக்கில் கண்ணை மூடிக்கொண்டு கலப்பு உரம் போட்டதன் விளைவு. அதாவது பலர் இல்லாத சத்தை விட்டுவிட்டு, இருக்கிற சத்துக்கே காசு செலவு செய்துகொண்டிருந்தார்கள்.

இன்னொரு விஷயம். இங்கே மழை அடித்துப் பெய்யும். தழைச்சத்தையும் சாம்பல் சத்தையும் மொத்தமாகப் போட்டால் ஒரே இரவில் கழுவிப்போகும். கொஞ்சம் கொஞ்சமாக, பல தவணையில் போடுங்கள். மண்ணை வெறுமையாக விடாமல் சருகால் மூடிவையுங்கள்.

மண்ணைப் பரிசோதிப்பது எப்படி?

நிலம் இருப்பவர்கள் இப்படி மாதிரி எடுக்கலாம்:

1. உரமோ சுண்ணாம்போ போட்டு மூன்று மாதமாவது ஆகியிருக்கட்டும்.
2. எருக்குழி, வரப்பு, மரத்தடி, எப்போதும் ஈரமாக உள்ள இடம் ஆகியவற்றைத் தவிருங்கள்.
3. குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடங்களில், மேலேயுள்ள குப்பையை நீக்கி, ஆங்கில 'வி' எழுத்து வடிவில் 15 செ.மீ. ஆழம் தோண்டுங்கள். குழியின் பக்கவாட்டிலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுங்கள்.
4. எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை நீக்குங்கள். அரைக் கிலோ வரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள்.
5. நிழலில் உலர்த்தி, சுத்தமான பையில் போட்டு, பெயர், இடம், என்ன பயிர் என்று எழுதுங்கள். உரச் சாக்கைப் பயன்படுத்தாதீர்கள்.
6. மேடும் பள்ளமும் இருந்தால் தனித்தனி மாதிரி.

இதை எங்கே கொடுப்பது? முதல் படி உங்கள் பகுதியின் கிருஷி பவன். நம்ம ஊர் வேளாண்மை விரிவாக்க மையம் மாதிரி, ஆனால் ஊராட்சிக்கு ஒன்று. பாரோட்டுகோணத்தில் மண் ஆய்வுத் துறையின் மைய ஆய்வகமும், வெள்ளாயணி வேளாண் கல்லூரியில் பரிசோதனை வசதியும் உண்டு. 2015இல் தொடங்கிய மத்திய அரசின் மண்வள அட்டைத் திட்டத்தில் பி.எச்., உப்பு நிலை, கரிமச்சத்து, பேரூட்டம், நுண்ணூட்டம் என 12 விஷயங்களைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

மாடியில் பத்துப் பைதான் என்றால் ஒரு பி.எச். தாள் போதும். கூடவே கண்ணாடி பாட்டில் சோதனை: பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர். நன்றாகக் குலுக்கி ஒருநாள் அசைக்காமல் வையுங்கள். அடியில் மணல், அதன்மேல் வண்டல், மேலே களிமண். எந்த அடுக்கு தடிமன் என்று பார்த்தாலே தண்ணீர் நிற்குமா, ஓடுமா என்பது தெரிந்துவிடும்.

மண்ணோடு சண்டை போடாத பயிர்

மண்ணைத் திருத்துவது ஒரு வழி. மண்ணுக்கு ஏற்ற பயிரைத் தேர்வு செய்வது இன்னொரு வழி. திருவிதாங்கூர் இதைப் பெரிய அளவிலேயே செய்து பார்த்திருக்கிறது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் ராம வர்மா மரவள்ளிக் கிழங்கை ஊக்குவித்தார். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடி, சத்துக் குறைந்த அமில மண்ணிலும் மேட்டு நிலத்திலும் விளைந்தது. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது பலரின் வயிற்றை நிரப்பியது இந்த மரச்சீனிதான். 1963இல் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இதே ஊரில், டெக்னோபார்க்கிலிருந்து கொஞ்ச தூரத்திலுள்ள ஸ்ரீகார்யத்தில் அமைந்தது.

அதனால் முதல் வருடம் தக்காளியோடு மல்லுக்கட்ட வேண்டிய கட்டாயமில்லை. மரச்சீனி, சேனை, சேம்பு, வாழை, மிளகு, அன்னாசி, பலா எல்லாம் இந்த மண்ணைத் தாங்குபவை. மாடியில் என்றால் பயறு, வெண்டை, தண்டுக்கீரையில் ஆரம்பியுங்கள். பி.எச். 6-க்குப் பக்கத்தில் வந்த பிறகு தக்காளிக்குப் போகலாம்.

நிலம் வாங்குபவர்கள் கவனத்துக்கு

சில வருடம் இங்கே இருந்தவர்கள் அடுத்து யோசிப்பது சொந்தமாக ஐந்து சென்ட். இங்கே மண்ணோடு ஒரு சொல்லும் உங்களைச் சறுக்க வைக்கும்.

தமிழில் நிலம் என்றால் எல்லா நிலமும்தான். கேரள வருவாய் ஆவணத்தில் 'நிலம்' என்று எழுதியிருந்தால் அது நெல்வயல், அதாவது நம்ம நஞ்சை. 'புரயிடம்' என்றால்தான் மேட்டுநிலம். 2008ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி வயலை நிரப்பி வீடு கட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. உள்ளாட்சிவாரியாகத் தயாரிக்கப்பட்ட 'டேட்டா பேங்க்' பட்டியலில் உங்கள் சர்வே எண் இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஆவணத்துக்கு முன்பே மண் காட்டிக்கொடுக்கும். சுற்றிலும் தாழ்வாக இருக்க, இந்த மனை மட்டும் புதுச் சிவப்பாக இருக்கிறதா? அரை மீட்டர் தோண்டிப் பாருங்கள். மேலே செம்மண், கீழே சாம்பல் நிறத்தில் ஈரக் களி வந்தால் அது ஒருகாலத்தில் ஏலா. மழைக்காலத்தில் தண்ணீர் அங்கேதான் திரும்பி வரும். அஸ்திவாரத்துக்கும் சிக்கல், தோட்டத்துக்கும் சிக்கல்.

தோட்டமோ மனையோ, முதல் வேலை ஒன்றுதான்: மண்வெட்டியோடு போய் ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். உரக்கடைக்கு அப்புறம் போகலாம். ஊருக்கு அடுத்த போன் பேசும்போது அம்மாவிடமும் சொல்லுங்கள், பக்குவம் தப்பில்லை, மண்தான் வேற என்று.